தலைப்பு கதையை மறைக்கலாமா?

தலவாக்கலை வாசகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பலவற்றிலும் 'சிந்து பைரவி' என்ற தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா, பெயரைக் கேட்டதும் இது பாட்டுக்காரர்களின் கதை என்று எண்ணி உட்கார்ந்தார். எண்ணியதில் தவறில்லை. அது ஓர் இராகத்தின் பெயர். பாலசந்தர் 1985இல் எடுத்த, ஒரு பாடகரைப் பற்றிய திரைப்படத்தின் பெயரும் அதுதான். தொடரிலோ சங்கீதம் இல்லை. கலர்ஸ் அலைவரிசையில் 2008இல் தொடங்கிய 'உத்ரன்' என்னும் இந்தித் தொடரையே தமிழில் பேசவைத்திருந்தார்கள் என்று பின்னர்தான் அறிந்தேன். ஒருவர் உடுத்திக் கழித்து, மற்றவருக்குக் கொடுக்கும் துணியை அந்தச் சொல் குறிக்கும். பணக்கார வீட்டுப் பெண்ணும், அதே வீட்டில் வேலை செய்யும் தாயின் மகளும் சேர்ந்து வளரும் கதைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. தமிழில் அந்த இரு பெண்களுக்கும் சிந்து, பைரவி என்று பெயர் வைத்து, அதையே தலைப்பாகவும் ஆக்கிவிட்டார்கள்.

இது யாருடைய கதை என்று சொல்லும் கடமை தலைப்புக்கு இல்லையா? உங்களை இப்படி ஏமாற்றிய, அல்லது நல்ல தொடர் ஒன்றைப் பார்க்கவிடாமல் செய்த தலைப்புகள் உண்டா?

பண்டாரவளை நண்பர்:

எனக்கு உடனே நினைவுக்கு வருவது 'டெரியர்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர். 2010இல் எஃப்எக்ஸ் அலைவரிசையில் 13 அத்தியாயங்கள் வந்து, ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்டது. பொலிஸ் வேலையை இழந்த ஒருவரும், முன்னாள் திருடன் ஒருவனும் உரிமம் இல்லாமலே துப்பறியும் கதை அது. டெரியர் என்பது, பிடித்ததை விடாத ஒரு நாய் இனம். அந்தக் குணத்தை மனதில் வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் அதை முதல் அத்தியாயத்தைப் பார்த்தவரால்தான் உணர முடியும். பார்க்காதவருக்கு அது நாய்களைப் பற்றிய நிகழ்ச்சியாகவே தோன்றும். இணையத்தில் அந்தப் பெயரை நானும் பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன். மிகவும் அருமையான தொடர், தம்பி. தலைப்பு மட்டுமே அதை வீழ்த்தியது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் வாசலிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்பிய பெயர் அது.

பதுளை ஆசிரியர்:

தம்பியின் கேள்வி நியாயமானது. என்றாலும் தமிழாக்கியவர்களின் சங்கடத்தையும் நாம் பார்க்க வேண்டும். 'பழந்துணி' என்று பெயர் வைத்தால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை வீடுகள் அதைப் பார்க்கும் என்று அவர்கள் அஞ்சியிருக்கலாம். ஆனால் தமிழில் சொல் இல்லாமற் போகவில்லை. பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் திருமாலை நோக்கி 'உடுத்துக் களைந்த நின் பீதக ஆடை உடுத்து' என்று பாடுகிறார். அங்கே அது அடியவன் விரும்பி ஏற்கும் பேறு. இந்தத் தொடரிலோ, வேறு வழியில்லாமல் ஏற்கும் நிலை. 'உடுத்துக் களைந்தது' என்று தலைப்பிட்டிருந்தால் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே கதையைச் சொல்லியிருக்கும்.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது 'மண் வாசனை'. அதே கலர்ஸ் அலைவரிசையில் அதே 2008இல் தொடங்கிய 'பாலிகா வது' என்ற தொடருக்குத் தமிழில் வைத்த பெயர் அது. பாலிகா வது என்றால் சிறுமியான மணப்பெண். குழந்தைத் திருமணம் என்ற கொடுமையைத் தலைப்பிலேயே நிறுத்திய தொடரை எடுத்து, கோடை மழையில் நனைந்த மண்ணின் மணமாக்கிவிட்டார்கள்! என் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கதை என்னவாக இருக்கும் என்று கேட்டபோது, விவசாயிகளின் கதை என்றுதான் பலர் எழுதினார்கள்.

நல்ல பெயருக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யைச் சொல்வேன். ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதை. மெட்டி மணமான பெண்ணின் காலில் இருப்பது. அந்தப் பெண்களின் சுகமும் துக்கமும் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடுகின்றன. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' என்ற பெயரில் ஆங்கிலம் கலந்திருப்பதாகக் குறைகூறுவோரோடு நான் உடன்படமாட்டேன். நம்முடைய கடைவீதிகளிலும் பெயர்ப்பலகைகள் அப்படித்தானே இருக்கின்றன? ஒரு கடையை நம்பி வாழும் குடும்பத்தின் கதைக்கு அந்தக் கடையின் பெயரே போதும்.

ஹட்டன் வாசகி:

ஆசிரியர் ஐயா சொன்ன அச்சத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பன்னிரண்டு வயதில் என்னைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு மகளுக்குச் சிறிதாகிப்போன சட்டைகளையே நான்கு வருடங்கள் உடுத்தினேன். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, புதுச் சட்டை என்று தங்கைகளிடம் சொன்னேன். தோட்டங்களிலிருந்து என்னைப் போல் போன பிள்ளைகள் ஒருவரா இருவரா? 'பழந்துணி' என்று ஒரு தொடர் வந்திருந்தால் முதல் நாளே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருப்பேன். இராகத்தின் பெயரைப் பார்த்து, இது நமக்கானதல்ல என்று விட்டுவிட்டேன்; பக்கத்து வீட்டு அக்கா கதையைச் சொன்ன பிறகே, பாதியிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். எங்களைப் பற்றிய கதை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தும், அதன் பெயரால் எங்களுக்குத் தெரியாமல் போனது.

தலவாக்கலை வாசகன்:

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் மணமாவதற்கு முன் கண்டியில் ஒரு வீட்டில் இரண்டு வருடங்கள் வேலை செய்தவர் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அந்தத் தொடருக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அந்த வீட்டுச் சட்டை" என்றார்.