ஒரே ஆர்டர் இருமுறை பதிவாவதைத் தடுக்க வழி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். மரச்செக்கு எண்ணெய் விற்கும் எங்கள் சிறு கடைக்காக, நிரல் எழுதத் தேவையில்லாத ஒருங்கிணைப்புக் கருவி ஒன்றில் ஒரு தானியங்கி அமைப்பை உருவாக்கியிருக்கிறேன். வாடிக்கையாளர் பணம் செலுத்தியதும் கட்டணச் சேவையிடமிருந்து வெப்ஹூக் (தானாக வரும் அறிவிப்பு) வரும். அது கூகுள் ஷீட்டில் ஒரு வரிசையாகப் பதிவாகி, பார்சல் கட்டுபவருக்கு மின்னஞ்சலாகப் போகும்.

உரிய நேரத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பொருள்படும் 200 என்ற பதில் கிடைக்காவிட்டால், கட்டணச் சேவை அதே வெப்ஹூக்கை மீண்டும் அனுப்புகிறது. அது பிழையன்று, தகவல் தொலையாமலிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆனால் ஷீட்டில் எழுதத் தாமதமான ஒரு நாளில் ஒரே ஆர்டர் இரண்டு வரிசைகளாகி, ஒருவருக்கு இரண்டு டின் நல்லெண்ணெய் போய்விட்டது. (அவர் நேர்மையாகத் திருப்பி அனுப்பியது எங்கள் நல்ல நேரம்.)

பிறகு, எழுதுவதற்கு முன் பரிவர்த்தனை எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும் படியைச் சேர்த்தேன். எனினும் இந்த அமைப்பின் இரண்டு ஓட்டங்கள் ஒரே நொடியில் தொடங்கினால், இரண்டுமே ‘இல்லை’ என்று கண்டு இரண்டுமே எழுதிவிடுகின்றன. வரிசை பதிவான பின் மின்னஞ்சல் படி தோல்வியுற்றாலோ, மறு ஓட்டம் அந்த வரிசையைக் கண்டு, மின்னஞ்சல் அனுப்பாமலேயே நின்றுவிடுகிறது. இதுவே எனக்குக் கூடுதல் கவலை. தேடல்கள் பெருகும் பண்டிகை நாள்களில், பயனருக்கு நிமிடத்துக்கு 60 வாசிப்புகள் என்ற ஷீட்ஸ் ஏபிஐ (கருவிகள் ஷீட்டை அணுகும் வழி) வரம்பைத் தாண்டி, கோரிக்கைகள் மிகுந்துவிட்டன என்னும் 429 பிழையும் வருகிறது.

வெப்ஹூக்குக்கு உடனே பதிலளித்துவிட்டு ஆர்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்படுத்தினால் போதுமா, அல்லது பரிவர்த்தனை எண் இருமுறை பதிவாவதைத் தானே மறுக்கும் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்துக்கு மாறுவதே சரியா? ‘மின்னஞ்சல் அனுப்பப்பட்டது’ என்பதற்குத் ஷீட்டில் தனி நெடுவரிசை வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால், அதன் அமைப்பை விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.