பதில்: பழைய காசு, புதிய காசு – ‘மறு அலகீடு’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய காசு இத்தனை சேர்ந்து புதிய காசு ஒன்று என்று ஒரு நாடு தன் பணத்தின் அலகை மாற்றுவதற்குத் (redenomination) தமிழில் என்ன சொல் வைப்பது என்பதே நம் கேள்வி. ‘மறுமதிப்பீடு’ என்று முன்மொழிந்த நண்பருக்கும், ‘சுழிநீக்கம்’ (சுழி என்றால் பூச்சியம்) போதுமே என்ற யாழ்ப்பாணத்து ஐயாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

இப்படியொரு சொல்லை நான் தேடப் போனதே ஓர் அட்டவணைக்காகத்தான். அர்ஜென்டினாப் பணத்துக்கும் பிரேசில் பணத்துக்கும் 1960களிலிருந்து இருந்துவந்த மாற்று விகிதங்களைத் தமிழில் தொகுக்க உட்கார்ந்தேன். பத்து வரி போவதற்குள் சிக்கிக்கொண்டேன். பணவீக்கம் முற்றும்போதெல்லாம் இரண்டு நாடுகளும் பழைய காசை மூட்டை கட்டிவிட்டுப் புதிய காசு கொண்டுவந்திருக்கின்றன, அதுவும் வெவ்வேறு ஆண்டுகளில். அர்ஜென்டினாவில் 1970இல் 100 பெசோ ஒரு பெசோவானது. 1983இல் 10,000 ஒன்றானது. 1985இல் 1,000 பெசோ ஓர் ஆஸ்திரால். 1992 ஜனவரி 1 அன்று 10,000 ஆஸ்திரால் மறுபடியும் ஒரு பெசோ. பெருக்கிப் பாருங்கள்: இன்றைய ஒரு பெசோ என்பது 1969ஆம் ஆண்டுக் காசில் பத்து லட்சம் கோடி பெசோ! பிரேசிலிலோ 1967, 1986, 1989, 1993 என நான்கு முறை ஆயிரம் ஒன்றாகியிருக்கிறது. ஐந்தாவது முறை 1994இல். அதை மட்டும் விரித்துச் சொல்லியாக வேண்டும், நம் விவாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

1994 மார்ச் 1 அன்று பிரேசில் அரசு ஒரு கணக்குப் பணத்தை அறிவித்தது. நோட்டு கிடையாது, நாணயம் கிடையாது. விலையையும் சம்பளத்தையும் எழுதிவைக்க மட்டும் அது. அன்று அதன் ஒன்று, அப்போது புழக்கத்தில் இருந்த பணத்தில் 647.50 குருசேரோ ரியால். டாலரோடு ஒட்டி நடக்கும்படி அதை நாள்தோறும் உயர்த்தினார்கள். அர்ஜென்டினா பெசோவோ 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி டாலரோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தது. ஆகவே அந்த மார்ச்சில் ஒரு பெசோவுக்கு ஏறக்குறைய 647 குருசேரோ ரியால். ஜூன் 30 அன்று 2,750. நான்கே மாதத்தில் பிரேசில் பணம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. சம்பளத்தை அந்தப் பணத்தில் வாங்கியவர் கையில் சுட்ட வீழ்ச்சி இது.

மறுநாள் ஜூலை 1. 2,750 குருசேரோ ரியால் சேர்ந்து, ‘ரியால்’ என்ற புதிய பணத்தில் ஒன்று. மாற்று விகிதம் 2,750இலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டது. வரைபடத்தில் பெசோ பாதாளத்தில் விழுந்ததுபோலத் தெரியும். ஆனால் அன்றிரவு அந்தக் கணக்கால் மட்டும் எவரும் ஒரு காசுகூட இழக்கவில்லை.

இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் வாசகரை ஏமாற்றுகிறோம். முதலாவது மதிப்பிறக்கம். 1999 ஜனவரியில் பிரேசில் ரியாலை மிதக்கவிட்டபோதும், 2002 ஜனவரியில் அர்ஜென்டினா டாலர் கட்டை அவிழ்த்தபோதும் நடந்தது அதுதான். இரண்டாவதற்கு ‘மதிப்பு’ என்ற சொல் கலக்கவே கூடாது. 2016 நவம்பரில் ‘பணமதிப்பு நீக்கம்’, ‘பணமதிப்பிழப்பு’ என்று ஆளுக்கொன்றாக எழுதி நாம் பட்ட குழப்பமே போதும். ‘மறுமதிப்பீடு’ என்றால் பிளஸ் டூ விடைத்தாள்தான் எவருக்கும் நினைவுக்கு வரும்.

‘சுழிநீக்கம்’ எனக்கும் பிடித்த சொல். கேட்டதும் விளங்குகிறது. பிரேசிலிலும் பேச்சுவழக்கில் சுழிகளை வெட்டுவது என்றே சொல்கிறார்கள். ஆனால் ஐயா, 2,750இல் எத்தனை சுழியை நீக்குவது? பிரேசிலின் மாற்றங்களிலேயே பெரியது அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லையே!

‘அலகு மாற்றம்’ என்று சிலநாள் எழுதிப் பார்த்தேன். ‘அலகு மாற்றத்துக்கு முந்தைய மாற்று விகிதம்’ என்று ஒரு தலைப்பு வந்ததும் நானே நிறுத்திவிட்டேன்.

பிறகுதான் ‘அலகிடுதல்’ நினைவுக்கு வந்தது. வெண்பாவை அலகிட்டு வாய்பாடு கூறுக என்று தேர்வில் எழுதாதவர் நம்மில் யார்? பாட்டு அப்படியே இருக்கிறது, நாம் அதைப் பிரித்து எண்ணுகிறோம். எண்ணுதல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. அந்தக் கணக்குப் பணத்துக்குப் பிரேசில் வைத்த பெயரும்கூட ‘உண்மை மதிப்பு அலகு’தான். ஆகவே ‘மறு அலகீடு’. வினையாக்கினால் ‘மறு அலகிட்டார்கள்’. 1957 ஏப்ரலில் நம் ரூபாயை 16 அணாவிலிருந்து 100 நயா பைசாவாகப் பிரித்ததும் ஒருவகையில் இதற்கு உறவுதான். ரூபாய் அதே ரூபாய், கூறுதான் வேறு. 1964இல் ‘நயா’ உதிர்ந்தது. பிரேசிலின் 1967 ‘புதிய குருசேரோ’விலும் 1970இல் ‘புதிய’ உதிர்ந்துவிட்டது.

என் சேகரிப்பில் 1,000 குருசாடோ (1986இல் பிரேசிலுக்கு வந்த பணம்) நோட்டு ஒன்று இருக்கிறது. எழுத்தாளர் மஷாடோ டி அசிஸ் படம் போட்டது. அதன்மேல் முக்கோண முத்திரை: ‘1 புதிய குருசாடோ’. தாள் அதே, படம் அதே, மூலையில் ஆயிரம் என்ற எண்ணும் அப்படியே. முத்திரை மட்டும் அதை ஒன்று என்கிறது. ‘மறு அலகிட்ட நோட்டு’ என்று அதைச் சொல்லிப் பார்த்தேன், பொருந்துகிறது.

ஒரு வரம்பு சொல்லிவிடுகிறேன். 1990இல் பிரேசில், புதிய குருசாடோவை ஒன்றுக்கு ஒன்றாகக் குருசேரோ ஆக்கியது. அதை மறு அலகீடு என்று நான் சொல்லமாட்டேன், வெறும் பெயர் மாற்றம்.

புணர்ச்சி விதிப்படி ‘மறுவலகீடு’ என்று சேர்த்தெழுத வேண்டும் என்பார் இருப்பீர்கள். புதிய சொல், வாசகர் தடுக்கி விழாமல் இருக்கப் பிரித்தே எழுதுவோம் என்பது என் கருத்து. அட்டவணையில் ‘அன்றைய அலகில்’, ‘இன்றைய அலகில்’ என்று இரண்டு பத்திகள் போட்டுவிட்டேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பிறகு விக்சனரியில் ஏற்றுகிறேன்.

அன்புடன்