துடைத்த பத்து நிமிடத்தில் ஜன்னல் கண்ணாடி மறுபடி வெள்ளையாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

மூன்றாம்மாடி
வணக்கம். மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, வாடகை வீடு. ஹாலில் ஆறடி அகலத்தில் யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல், படுக்கையறையில் நாலடிக்கு ஒன்று, சமையலறையில் சின்னதாக ஒன்று. மூன்றிலும் ஒரே தொல்லை. துடைத்த கையோடு பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோலமாவு பூசியது போல வெள்ளை.

செய்து பார்த்தவை: கடையில் விற்கும் நீல ஸ்ப்ரே, செய்தித்தாள், ஷாம்பூ தண்ணீர். கடைசியாக வினிகரும் அடித்தேன், வாசம்தான் மிச்சம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கையில் எடுத்துவிட்டு, பயந்து வைத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம், வெளிப்பக்கத்தை எப்படித் துடைப்பது? ஜன்னலில் எட்டித் தொங்கக் கூடாது என்று வீட்டில் தடை உத்தரவு. போகிக்குள் முடிக்க வேண்டும்.

சும்மாஒருவன்
கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் துணியில் நனைத்து ஒரே இழுப்பு. போயே போய்விடும். எங்கள் பழைய வீட்டில் அப்படித்தான்.

கண்ணாடிவேலை
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையைக் கரைக்கும், உண்மைதான். கூடவே கொக்கி, உருளைச் சக்கரம், அலுமினியப் பட்டை எல்லாவற்றையும் அரிக்கும், புகை கண்ணையும் மூக்கையும் பதம் பார்க்கும். பக்கத்தில் ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் இருந்து இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயுதான்.

மூன்றாம்மாடி சார், முதலில் கறை எந்த வகை என்று பார்ப்போம். கண்ணாடியை நனையுங்கள். ஈரத்தில் கறை மறைகிறதா? காய்ந்த இடத்தில் நகத்தால் லேசாக வருடுங்கள், சொரசொரப்பா, வழவழப்பா? பிறகு ஒரு டிஷ்யூவை வினிகரில் நனைத்து ஓர் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். அந்தச் சதுரம் மட்டும் தெளிந்திருக்கிறதா? கழுவ எந்தத் தண்ணீர் எடுக்கிறீர்கள், கிரில் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி
உடனே பார்த்தேன். ஈரத்தில் மறைகிறது. நகத்துக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது. டிஷ்யூ ஒட்டிய இடம் அச்சு எடுத்தது போலத் தெளிவாகிவிட்டது! அப்படியானால் அன்று வினிகர் ஏன் வேலை செய்யவில்லை?

கிரில் எல்லாமே வெளிப்பக்கம். தண்ணீர் போர்வெல், டிடிஎஸ் பேனாவில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) 1400 காட்டும். ஆனால் ஜன்னலுக்கு நேராகப் போர் தண்ணீர் எடுப்பதில்லை. ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயிலிருந்து வருவதை வாளியில் பிடித்து வைத்து, வீணாக்க வேண்டாமே என்று அதில்தான் கழுவுகிறோம்.

கண்ணாடிவேலை
ஆகா, அதுதான் விஷயம். ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை, பிரிக்கத்தான் செய்கிறது. நல்ல தண்ணீரை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, அதிலிருந்த உப்பையும் சேர்த்துக் கழிவுக் குழாயில் தள்ளுகிறது. போர் தண்ணீரைவிட அது மோசமாகத்தான் இருக்கும். பேனாவை அதில் விட்டுப் பாருங்கள்.

மூன்றாம்மாடி
1930. தலையில் அடித்துக்கொண்டேன்.

கண்ணாடிவேலை
அதாவது ஒரு லிட்டர் கண்ணாடியிலேயே காய்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு கிராம் உப்பும் சுண்ணாம்பும் அங்கேயே தங்கும். நீங்கள் அழுக்கைத் துடைக்கவில்லை, புதிதாகப் பூசிக்கொண்டிருக்கிறீர்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் டிடிஎஸ்ஸின் விரும்பத்தக்க அளவு 500, வேறு வழியில்லை என்றால் 2000 வரை. குடிக்கவே அந்த எல்லையை ஒட்டிய தண்ணீர், கண்ணாடிக்கு எப்படி ஆகும்?

வினிகர் ஏன் கைவிட்டது? கடை வினிகரில் அமிலம் நான்கைந்து சதவீதம்தான். சுண்ணாம்பைக் கரைக்க அதற்கு நேரம் வேண்டும். அடித்த உடனே துடைத்திருப்பீர்கள், வெயில் படும் நேரமாகவும் இருந்திருக்கும். சமையலறைக் கண்ணாடி என்றால் இன்னொன்றும் உண்டு: தாளிக்கிற எண்ணெய்ப் புகை மெல்லிய படலமாகப் படிந்திருக்கும், அதைத் தாண்டி அமிலம் உள்ளே போகாது. அங்கே முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுப் பிசுக்கை எடுக்க வேண்டும். அப்புறம்தான் வினிகர்.

காலையிலோ, வெயில் சாய்ந்த பிறகோ தொடங்குங்கள். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். மணல் இருக்கும்போதே ஈரத்துணி வைத்துத் தேய்த்தால் கீறல் விழும். பிறகு மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, ஒரு லிட்டருக்கு 50 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். வினிகரைவிட மலிவு, வாசமும் இல்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்து, காயவிடாமல் கால் மணி நேரம் விடுங்கள். மென்மையான ஸ்பாஞ்சால் தேய்த்துக் கழுவிவிட்டு, ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்க மறந்தால் கோடு கோடாக நிற்கும். கடைசிக் கழுவலுக்கு மட்டும் ஆர்.ஓ.வின் நல்ல தண்ணீர், ஸ்ப்ரே பாட்டிலில் அரை லிட்டர் போதும். கம்பி நார் வேண்டவே வேண்டாம்.

கடப்பாக்கல்லில்சூடுபட்டவள்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜன்னலுக்குக் கீழே திண்டில் கடப்பாக்கல்லோ மார்பிளோ இருந்தால், வினிகரும் எலுமிச்சை உப்பும் அதன்மேல் வடியவிடாதீர்கள். கடப்பாக்கல்லும் சுண்ணாம்பு வகைதான். கறையைக் கரைக்கும் அமிலம் கல்லையும் தின்னும். என் வீட்டுத் திண்டில் வழிந்த இடமெல்லாம் மினுமினுப்புப் போய், நத்தை ஊர்ந்த தடம் மாதிரி நிற்கிறது. பழைய துண்டை மடித்துத் திண்டில் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

சும்மாஒருவன்
கடைசிக் கழுவலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது. காற்றிலிருந்த ஈரம்தானே, உப்பே இருக்காது. (ஆசிட் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

கடப்பாக்கல்லில்சூடுபட்டவள்
சரிதான், ஆனால் மார்கழியில் யார் ஏசி போடுகிறார்கள்?

யாழ்கிணறு
நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல்தான், கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தாலே அடியில் வெள்ளையாகப் படியும். யன்னல் கண்ணாடியில் இதே பிரச்சினை. அம்மா தேசிக்காயை (உங்கள் எலுமிச்சம்பழம்) பாதியாக வெட்டி நேரே கண்ணாடியில் தேய்த்து, ஊறவிட்டுத்தான் கழுவுவார். கடைசியாக ஊற்றுவதற்கு மாரி மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்திருப்போம். மேலே அந்த அண்ணா சொன்னதும் இதும் ஒன்றுதான், எங்களிடம் ஆர்.ஓ. இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம்மாடி
எல்லோருக்கும் நன்றி. உள்பக்கத்தை இன்று முடித்துவிடுகிறேன். வெளிப்பக்கம்?

கண்ணாடிவேலை
கிரில் வெளியே இருப்பது வசதி. ஸ்லைடிங் கதவுகளைக் கழற்றி உள்ளே கொண்டுவந்துவிடலாம். கதவை மேல் சேனலுக்குள் நன்றாகத் தூக்கினால் கீழ்ச்சக்கரம் ட்ராக்கை விட்டு மேலே வரும். அடிப்பக்கத்தை உங்கள் பக்கம் இழுத்து இறக்குங்கள். தூக்க வரவில்லை என்றால் மேல் சேனலில் தடுப்புக் கட்டையோ திருகோ இருக்கும், அதை முதலில் எடுக்க வேண்டும். முதலில் கொசுவலைக் கதவில் பழகிப் பாருங்கள்.

ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். 5 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ, சட்டம் தனி. படுக்கையறைக் கதவை இரண்டு பேர் எடுக்கலாம். ஹால் கதவு பெரிது, அதை விட்டுவிடுங்கள். அதை ஒரு பக்கமாகத் தள்ளி, திறந்த பக்கத்திலிருந்து கிரில் இடைவெளி வழியாக நீளக் கைப்பிடி வைப்பரை விட்டுத் துடையுங்கள். இரண்டு பக்கமும் காந்தம் வைத்த துடைப்பானும் விற்கிறார்கள். கண்ணாடித் தடிமனுக்குப் பொருந்தாவிட்டால் வெளித்துண்டு நழுவும், அதன் கயிற்றைக் கிரில்லில் கட்டாமல் பயன்படுத்தாதீர்கள். கீழே யாராவது நடப்பார்கள்.

கதவு கழன்றிருக்கும்போதே ட்ராக்கைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிடுங்கள். வெளி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், மழைநீர் வடிய. அது மண் அடைத்தால் தண்ணீர் ஹாலுக்குள் வரும்.

கடைசித் துடைப்பில் ஒரு பழக்கம்: உள்பக்கத்தை மேலும் கீழுமாக, வெளிப்பக்கத்தை இடமும் வலமுமாக. கோடு தெரிந்தால் எந்தப் பக்கத்தில் என்று தேட வேண்டியதில்லை.

மூன்றாம்மாடி (நான்கு நாள் கழித்து)
முடித்துவிட்டோம். தம்பி வந்து படுக்கையறைக் கதவைப் பிடித்தான். ட்ராக்கில் இரண்டு வண்டு, ஒரு ஹேர்பின், முந்தைய குடித்தனக்காரரின் ஒரு ரூபாய். சமையலறைக் கண்ணாடி சோப்பிலேயே பாதி தெளிந்தது. மூன்று நாளாகியும் வெள்ளை திரும்பவில்லை.

ஒரே ஓர் இடம் மட்டும் மசியவில்லை. ஹாலின் வலது கதவில், வெளிப்பக்கம், மேலிருந்து வழிந்தது போல நான்கு வெள்ளைக் கோடுகள். சிட்ரிக் ஆசிட்டை மூன்று முறை ஊறவைத்தும் அப்படியே இருக்கின்றன. நகத்துக்கு வழவழப்பாகத்தான் தெரிகிறது.

கண்ணாடிவேலை
அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது? சமீபத்தில் பூச்சுவேலை ஏதாவது நடந்ததா?

மூன்றாம்மாடி
மேல்வீட்டு பால்கனி. போன மழையில் கசிந்தது என்று அடியில் சிமெண்ட் பூசினார்கள். இன்னும் லேசாகச் சொட்டுகிறது.

கண்ணாடிவேலை
அப்படியானால் அது சிமெண்ட் ஊறிய தண்ணீர். காரத்தன்மை அதிகம், கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடும். இப்போது அங்கே இருப்பது கறை இல்லை, கண்ணாடியிலேயே விழுந்த தழும்பு. எந்த அமிலமும் எடுக்காது. சீரியம் ஆக்சைடு பொடி வைத்து மெஷினில் பாலிஷ் போடலாம். அரிப்பு ஆழமாக இருந்தால் தேய்த்த இடத்தில் பார்வை நெளியும். என்னைக் கேட்டால் கண்ணாடியை மாற்றுவதே மேல். கசிவை அடைக்காமல் மாற்றினால் புதுக் கண்ணாடிக்கும் இதே கதிதான், வேலையை அங்கே தொடங்குங்கள்.

மூன்றாம்மாடி
படம் எடுத்து வீட்டு ஓனருக்கு அனுப்பிவிட்டேன். பொங்கலுக்குப் பிறகு ஆள் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்தப் பக்கம் திரைச்சீலை. ஆர்.ஓ. வாளி கழிவறைக்கு இடம் மாறிவிட்டது.