பெண் பிள்ளைகளுக்கு எந்தக் காற்பந்து லீக்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

செந்தூல்வாசி

வணக்கம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. மாவட்டப் போட்டியில் ஆடிவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் எந்நேரமும் பந்துதான். இரண்டு அகாடமிகள் கூப்பிடுகின்றன. ஒன்று பெண்கள் மட்டும் ஆடும் லீக்கில் இருக்கிறது, அணிகள் குறைவு. இன்னொன்றில் பையன்களோடு சேர்ந்து ஆட வேண்டும். லீக் பெரியது, கோப்பையும் நிறைய வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் எல்லாம் எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

செத்தாப்பாக் அப்பா

சகோதரி, என் மகளுக்கு இப்போது 14 வயது. இரண்டு விதத்திலும் ஆடியிருக்கிறாள். கோப்பையைப் பார்க்காதீர்கள், பெஞ்சைப் பாருங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை அவர்களுடைய ஆட்டத்துக்குப் போய், மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மற்ற பெற்றோர் எல்லாம் கோல் விழும் பக்கம் நிற்பார்கள், நிற்கட்டும்.

நாங்கள் முதலில் பார்க்கப் போன அணி நன்றாகத்தான் ஆடியது. பாதி நேரத்திலேயே ஆறு கோல் முன்னிலை. வெளியே மூன்று பிள்ளைகள் ஆரஞ்சு பனியனை மேலே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு சின்னப் பெண் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருந்தாள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பயிற்றுநர் அவள் பக்கம் திரும்பினார். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை, "நீ போ" என்றார். அந்தப் பிள்ளையின் அம்மா ரவாங்கிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மாதக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆறு கோல் முன்னிலையிலேயே இறக்காத பிள்ளையை வேறு எப்போது இறக்குவார்கள்?

அப்புறம் செராஸ் பக்கம் ஒரு சிறிய கிளப். அந்தப் பயிற்றுநர் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருந்தார். ஒரு கோல் பின்தங்கியிருந்த நேரத்தில் கேப்டனை உட்கார வைத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளையை வலது பக்கத் தடுப்பாட்டத்துக்கு அனுப்பினார். ஆட்டம் முடிந்ததும் அவரிடமே கேட்டேன். "இவளை உட்கார வைத்து நான் ஜெயித்தால் அடுத்த வருடம் இவள் வரமாட்டாள் சார். ஒரு பையன் போனால் அந்த இடத்துக்குப் பத்துப் பேர் நிற்கிறார்கள். பெண் பிள்ளை போனால் இடம் காலிதான்" என்றார். அன்றே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

பையன்களோடு ஆடுவதற்குப் பயப்படாதீர்கள். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு வரை உடல் பலத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பந்தை வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடைக்காததால் சட்டென்று முடிவெடுக்கப் பழகிவிடுவாள். என் மகளுக்கு அது கைகொடுத்தது. ஆனால் பந்து அவளிடம் வருகிறதா என்று கவனியுங்கள். சில அணிகளில் பெண் பிள்ளை ஓரமாக ஓடிக்கொண்டே இருப்பாள், ஒருவனும் பாஸ் கொடுக்க மாட்டான், பயிற்றுநரும் கண்டுகொள்ள மாட்டார். அப்படிப்பட்ட இடம் வேண்டாம். இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போன பிறகு பெண்கள் லீக்தான் சரி.

பெண்கள் லீக்கில் சேர்ப்பதாக இருந்தால் போன பருவத்தின் ஆட்ட முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். 10-0, 12-0 என்று வரிசையாக இருந்தால் யோசிக்க வேண்டும். அப்படி ஜெயிக்கிற பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை, தோற்கிற பிள்ளைக்கு விளையாட்டே வெறுத்துப் போகும். அணி போதாமல் வயதுப் பிரிவுகளை ஒன்றாகச் சேர்ப்பதும் நடக்கிறது. பள்ளிப் போட்டியிலும் 12 வயதுப் பிரிவை முடித்தால் அடுத்தது 15. படிவம் ஒன்றுப் பிள்ளை படிவம் மூன்று அக்காக்களோடு மோத வேண்டும். ஆண்டுக் கடைசியில் பிறந்த பிள்ளைக்கு இன்னும் சிரமம். 13, 14 வயதுக்குத் தனி அணி வைத்திருக்கும் கிளப் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பட்டர்வொர்த் அக்கா

தம்பி பெஞ்சைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் தூரத்தையும் பார்க்கச் சொல்வேன். எங்களுக்குப் பெரிய ஆட்டங்கள் எல்லாம் பினாங்குத் தீவில்தான் இருந்தன. பாலத்தில் நெரிசல் என்றால் மகள் ஷின் கார்டு மாட்டியபடியே பின் சீட்டில் தூங்கிவிடுவாள். இறங்கும்போதே களைத்துப்போயிருப்பாள். இப்போது புக்கிட் மெர்தாஜாமில் சிறிய போட்டி ஒன்றில் ஆடுகிறாள். போகவர வீணான நேரத்தில் கூடுதலாக ஒரு பயிற்சிக்குப் போக முடிகிறது, ஆட்டமும் முன்பைவிட எவ்வளவோ தேவலை.

இன்னொன்று, அம்மாக்கள்தான் இதைக் கேட்க வேண்டும். திடலில் கழிப்பறை திறந்திருக்குமா? அணியோடு ஒரு பெண் இருப்பாரா? கால்சட்டை என்ன நிறம்? வெள்ளை என்றால் மாற்றச் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களில் இருக்கும் கவலைக்காக 2023இல் இங்கிலாந்து பெண்கள் அணியே வெள்ளைக் கால்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது. பூப்பெய்தின பிள்ளைகள் நிறையப் பேர் விளையாட்டை விடுவது இந்த மாதிரி விஷயங்களால்தான். நான் பயிற்றுநரிடம் நேராகவே கேட்டேன். அவர் கொஞ்சம் திணறினார், ஆனால் அடுத்த ஜெர்சி கறுப்புக் கால்சட்டையோடு வந்தது.

பள்ளி ஆட்டத்துக்கு விடுவார்களா என்றும் முதலிலேயே கேளுங்கள். என் தங்கை டெக்சாஸில் இருக்கிறாள், அங்கேயும் இதே சண்டைதான். அமெரிக்கக் காற்பந்து சம்மேளனம் 2017இல் பெண்களுக்காகத் தொடங்கிய மேம்பாட்டு அகாடமியில் சேர்ந்தால் பொதுவாகப் பள்ளி அணிக்கு ஆட முடியாமல் இருந்தது. 2009இலிருந்து இருக்கும் இசிஎன்எல் என்ற இன்னொரு லீக்கில் அந்தத் தடை இல்லை. பல குடும்பங்கள் அதற்காகவே இசிஎன்எல் பக்கம் நின்றன. சம்மேளனத்தின் அகாடமி 2020இல் மூடப்பட்டது. தோழிகளோடு பள்ளிச் சட்டை போட்டு ஆடும் ஆசை எந்த ஊர்ப் பிள்ளைக்கும் உண்டு. அதைப் பிடுங்கும் கிளப்பில் நான் சேர்க்க மாட்டேன்.

வங்சா மாஜு

நான் பிசியோதெரபிஸ்ட். அக்கா, தம்பி இருவரும் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆட்டத்துக்கு முன் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வளரும் வயதில் பெண் பிள்ளைகளுக்கு முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது பையன்களைவிட அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே நடக்கும். குதித்துவிட்டு முழங்கால் உள்பக்கமாக மடங்க இறங்குவாள், அல்லது ஓடிய வேகத்தில் சட்டெனத் திரும்புவாள், அவ்வளவுதான். அறுவை சிகிச்சை என்றால் ஒரு வருடம் வரை திடல் பக்கம் போக முடியாது.

இதைக் குறைக்க ஃபிஃபா 11+ என்ற வார்ம்அப் இருக்கிறது. சுமார் 20 நிமிடம்: மெதுவான ஓட்டம், வயிற்றுக்கும் தொடைக்கும் பலம் தரும் பயிற்சிகள், ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முழங்காலை மடக்கி மெதுவாக இறங்குவது. இதற்குப் பணமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். திடலை இரண்டு சுற்று ஓடவிட்டு நேராகக் கோலை நோக்கி உதைக்கச் சொல்லும் அணியாக இருந்தால், எவ்வளவு பெரிய லீக்கில் இருந்தாலும் என் மகளைத் தரமாட்டேன்.

இடி மின்னல் வந்தால் ஆட்டத்தை நிறுத்துவது யார் பொறுப்பு என்று கேளுங்கள். மாலை ஆட்டம் என்றால் கோலாலம்பூரில் அது அடிக்கடி வரும் பிரச்சினை. புகைமூட்ட நாட்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகள் வெளி நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும். தனியார் லீக்கும் அதே அளவைப் பின்பற்றுகிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செந்தூல்வாசி

எல்லாருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், மகள் கோல்கீப்பர். மெர்டேக்கா அரங்கத்தில் மலேசிய அணிக்கு ஆறுமுகம் கோல் காத்ததைப் பார்த்தவர் என் அப்பா. அவர்தான் இவளுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தார். கீப்பருக்கு இந்தப் பெஞ்ச் கணக்கு எப்படி?

செத்தாப்பாக் அப்பா

கீப்பர் என்றால் இன்னும் கறாராகக் கேளுங்கள். இரண்டு கீப்பர் இருந்தால் ஆளுக்குப் பாதி ஆட்டம் கொடுக்கிறார்களா? தனிக் கீப்பர் பயிற்சி வாரம் ஒரு முறையாவது உண்டா? பந்து 4ஆம் எண்ணா? 12 வயது வரை அதுதான் அளவு, 5ஆம் எண் பந்து அவள் கைக்குப் பெரிது. கீப்பராக இருந்தாலும் இந்த வயதில் சில ஆட்டங்களில் கோலை விட்டு வெளியேயும் ஆடவிட வேண்டும், காலில் பந்து பழகினால்தான் பிறகு நல்ல கீப்பர். செராஸ் கிளப்பின் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை நானும் அங்கேதான் இருப்பேன், பிள்ளையைக் கையுறையோடு அழைத்து வாருங்கள்.