பிபிசி மைக்ரோவில் இரண்டு ஃப்ளாப்பி டிரைவ்: விளக்கு அணையவில்லை, ஸ்டார் கேட் நின்றுவிடுகிறது

கேள்வி:
பிபிசி மைக்ரோ (1980களின் வீட்டுக் கணினி) மாடல் பி, 1770 கன்ட்ரோலர் (டிரைவை இயக்கும் சிப்), டிஎஃப்எஸ் ரோம் (டிஸ்க் கோப்புகளைக் கையாளும் மென்பொருள்). பழைய பிசியில் இருந்து கழற்றிய 3.5 அங்குல டிரைவை நேர் ரிப்பன் கேபிளில் மாட்டியிருக்கிறேன். கரண்ட் கொடுத்ததுமே டிரைவ் விளக்கு எரிகிறது, அணைவதே இல்லை. ஸ்டார் கேட் (*CAT, டிஸ்கின் கேட்டலாக்கை, அதாவது கோப்புப் பட்டியலைக் காட்டும் கட்டளை) அடித்தால் மெஷின் அப்படியே நிற்கிறது, பிரேக் தட்டினால்தான் விடுகிறது. அடுத்ததாக 80 ட்ராக் (டிஸ்கில் தகவல் பதியும் வட்டப் பாதை) கொண்ட 5.25 அங்குல டிரைவ் ஒன்றும் சேர்க்க வேண்டும்.

பதில்:
கேபிள் தலைகீழாக இருக்கிறது. 34 பின்னில் ஒற்றைப்படை வரிசை முழுக்க கிரவுண்ட். திருப்பிச் செருகினால் டிரைவின் எல்லா சிக்னலும் கிரவுண்டில் போய் உட்காரும். செலக்ட் (டிரைவைத் தேர்ந்தெடுக்கும் சிக்னல்) கிரவுண்டில் விழுந்துவிடுவதால்தான் விளக்கு எரிகிறது. ரைட் (எழுதும்) லைனும் அதே நிலைதான், அதனால் விளக்கு அணையும்வரை நல்ல டிஸ்க் எதையும் உள்ளே விடாதீர்கள், அழிந்துபோகும். பிசி டிரைவ் சிலவற்றில் காடி (தலைகீழாகச் செருகவிடாத வெட்டு) இருக்காது. சிவப்புக் கோடு போட்ட கம்பி பின் 1 பக்கம் வரவேண்டும்.

கேட்டவர்:
திருப்பியதும் விளக்கு அணைந்தது, நன்றி. ஆனால் ஸ்டார் கேட் 0 இன்னும் நிற்கிறது. ஸ்டார் கேட் 1 மட்டும் வேலை செய்கிறது.

பதில்:
அது பழுதில்லை. பிசி டிரைவ்கள் டிஎஸ்1 (டிரைவ் செலக்ட் 1, அதாவது டிரைவ் 1) ஆகவே வரும், பிசி கேபிளில் சில கம்பிகளுக்குப் போட்ட முறுக்குதான் அங்கே ஏ, பி டிரைவ்களைப் பிரிக்கும். உங்கள் டிரைவில் ஜம்பர் (டிரைவ் எண்ணை மாற்றும் சிறு இணைப்பு) இல்லையென்றால் கேபிளை வெட்டவே வேண்டாம். 3.5 அங்குலம் டிரைவ் 1 ஆகவே இருக்கட்டும், 5.25 அங்குலத்தை டிஎஸ்0 ஆக்குங்கள். ஜம்பரில் 1 முதல் 4 வரை எண் போட்டிருந்தால் 1 என்பதே டிஎஸ்0.

3.5 அங்குலம் மட்டும் வைத்திருப்பவர்கள் ரிப்பனில் 10, 11, 12 ஆகிய மூன்று கம்பிகளைத் தனியாகப் பிரித்து, ஒருசேரப் புரட்டிப் புது கனெக்டர் அழுத்தினால் டிரைவ் 0 ஆகிவிடும்.

இன்னொருவர்:
5.25 அங்குலத்தைக் கேபிளின் கடைக்கோடியில் வைத்து, 150 ஓம் டெர்மினேட்டரை (கேபிள் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடை) அதில் விட்டுவையுங்கள். மின்சாரத்தையும் பாருங்கள்: மெஷினின் அடியில் உள்ள சாக்கெட் 5 வோல்ட்டிலும் 12 வோல்ட்டிலும் தலா 1.25 ஆம்பியர்தான் தரும். இரண்டு டிரைவுக்கும் அதையே நம்பாமல், ஒன்றுக்காவது தனி சப்ளை கொடுங்கள். மஞ்சள் 12, சிவப்பு 5. மாற்றிக் கொடுத்தால் டிரைவ் போய்விடும்.

கேட்டவர்:
இரண்டும் ஓடுகின்றன. 5.25ல் ஒரு பழைய டிஸ்கின் கேட்டலாக் வருகிறது, லோட் செய்தால் டிஸ்க் ஃபால்ட் 18.

பதில்:
18 என்றால் செக்டர் (ட்ராக்கின் ஒரு துண்டு) கிடைக்கவில்லை. கேட்டலாக் ட்ராக் 0ல் இருப்பதால் எந்த டிரைவிலும் வந்துவிடும். அது 40 ட்ராக் டிஸ்க், அதில் அடுத்த ட்ராக்குக்கு 80 ட்ராக் டிரைவின் ஹெட் இரண்டு படி நகர வேண்டும். டிரைவின் பின்னால் 40/80 சுவிட்ச் இருந்தால் 40க்குத் தள்ளுங்கள். படிக்க மட்டும் செய்யுங்கள். 80 ட்ராக் ஹெட் குறுகலானது, அதில் எழுதினால் பழைய பதிவின் ஓரம் மிஞ்சி நிற்கும், பிறகு 40 ட்ராக் டிரைவ் அதைப் படிக்கத் திணறும். ரைட் புரொடெக்ட் ஸ்டிக்கரை முதலில் ஒட்டிவிடுங்கள்.

கேட்டவர்:
சுவிட்சைத் தள்ளியதும் லோட் ஆகிவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.