நுவரெலியா ஸ்ட்ரோபெரியை திருகோணமலை வெக்கையில் எப்படி வைத்திருப்பது?

வணக்கம் அக்காமார், அண்ணாமார். தம்பி நேற்று நுவரெலியாவிலிருந்து வரும்போது 2 கிலோ ஸ்ட்ரோபெரி கொண்டுவந்தவன். உப்புவெளியில் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், மேலே இருந்ததெல்லாம் சிவப்பாய் நல்ல வாசம்; அடியில் இருந்தது நசிந்து, இரண்டு பழத்தில் வெள்ளைப் பூஞ்சணமும் பிடித்திருந்தது. அதுகளை எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கழுவாமல் காம்போடயே துணி விரித்து பிரிட்ஜில் வைத்திருக்கிறன். கழுவி வைத்தால் கெதியில் பழுதாகிவிடும்தானே.

அம்மாவுக்கு சீனி வருத்தம். 100 கிராம் பழத்தில் 5 கிராம் அளவுதான் சீனி, விற்றமின் சி 60 மில்லிகிராமுக்குக் கிட்ட இருக்கு. அதனால் அவவுக்கு எருமைத் தயிரோட கொஞ்சமாய்ப் பச்சையாகவே குடுக்கிறன். காய்ச்சினால் அந்த விற்றமின் குறைஞ்சிடும்.

பிள்ளைகளுக்கு ஜாம் காய்ச்ச ஆசை. இந்தப் பழத்தில் ஜாமை இறுக வைக்கிற பெக்டின் குறைவு, தேசிக்காய்ப் புளி விட்டால்தான் இறுகும். ஆனால் சீனியைப் பாதியாய்க் குறைத்தால் எத்தனை நாள் தாங்கும்? இங்க அடிக்கடி கரண்டும் போகுது. செய்து பார்த்தவை அளவோட சொல்லுங்கோ, நாளைக்குள்ள காய்ச்சவேணும்.