டெவலப்பருக்குப் புரொடக்ஷன் ஆக்ஸஸ்: உங்கள் ஆபீஸில் எப்படி?

சென்னை, ஏஎஸ்400 சப்போர்ட்:

வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் ஏஎஸ்400-க்கு (ஐபிஎம்மின் பிசினஸ் கம்ப்யூட்டர்) சப்போர்ட் பார்த்தபோது நடந்தது. புரோகிராமர் யாருக்கும் புரொடக்ஷனில், அதாவது நிஜ வேலை ஓடும் சிஸ்டத்தில், முழு அதிகாரம் இருக்கக் கூடாது என்று ஆடிட்டர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். அமெரிக்காவில் 2002-இல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்த பிறகு இந்தக் கண்டிப்பு வழக்கமாகிவிட்டது. புரோகிராம் எழுதுகிறவரே அதைப் புரொடக்ஷனில் ஏற்றக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. ஆனால் 404-ஆம் பிரிவுப்படி நிதி அறிக்கைக்கான கட்டுப்பாடுகளைக் காட்டியாக வேண்டும் என்பதால் ஆடிட்டர்கள் இதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, உரிமையைப் பிடுங்கினார்கள். மாதக் கடைசி பேட்ச் ஜாப் (மொத்தமாகத் தானே ஓடும் வேலை) ராத்திரி இரண்டு மணிக்கு நின்றால் யார் பார்ப்பது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. செக்யூரிட்டி அட்மினுக்குப் பகல் ஷிஃப்ட். எண் இருக்க வேண்டிய ஃபீல்டில் வெற்றிடம் வந்து, 'டெசிமல் டேட்டா எரர்' என்று ஜாப் தொங்கும். எந்த ரெக்கார்ட் என்று கண்ணுக்குத் தெரியும். கை வைக்க முடியாது. விடிந்ததும் அங்கே கிளை அலுவலகங்களில் ரிப்போர்ட் இல்லை என்று கத்துவார்கள்.

கொஞ்ச நாளில் ஜாப்கள் மறுபடி ஒழுங்காக முடிய ஆரம்பித்தன. எப்படி என்று எந்த மேனேஜரும் கேட்கவில்லை. அடுத்த ஆடிட்டில்தான் குட்டு உடைந்தது. பழைய ரிப்போர்ட் மாதிரிப் பெயர் வைத்த ஒரு குட்டி புரோகிராம். அதன் ஓனர் க்யூசெக்ஆஃபர் (QSECOFR) என்ற ஐடி, அதாவது எல்லா உரிமையும் உள்ள அந்த மெஷினின் ராஜா. யார் ஓட்டினாலும் ஓனரின் உரிமையில் ஓடும்படி கம்பைல் செய்திருந்தார்கள். கூப்பிட்டால் ஒரு கமாண்ட் லைன் திறக்கும், அவ்வளவுதான். அதில் எதை அடித்தாலும் நடக்கும். உரிமை போவதற்கு முன்பே யாரோ முன்யோசனையாகப் போட்டு வைத்தது! இப்படி இன்னொருவர் உரிமையில் ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிட அந்த மெஷினிலேயே ஒரு கட்டளை உண்டு. உரிமையைப் பிடுங்கிய அன்றே அதை ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

அப்புறம்தான் அவசர ஐடி வந்தது, அதாவது அவசரத்துக்கு மட்டும் புரொடக்ஷனில் கை வைக்க ஒரு லாகின். சாதாரண நாளில் அது முடக்கப்பட்டிருக்கும். டிக்கெட் எண் கொடுத்தால் ஷிஃப்டில் இருக்கும் ஆபரேட்டர் திறந்துவிடுவார், சில மணி நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். அடிக்கும் கட்டளை ஒவ்வொன்றும் ஆடிட் ஜர்னலில் (யார் என்ன செய்தார் என்ற பதிவேட்டில்) விழும். அதன் பிறகு யாருக்கும் பின்வாசல் தேவைப்படவில்லை.

கோவை, டேட்டாபேஸ் நிர்வாகம்:

அண்ணா, எங்களிடம் ஆபரேட்டரே கிடையாது. சின்ன டீம், டெவலப்பர்தான் எல்லாம். 2017 ஜனவரி 31-இல் கிட்லேபில் (புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளம்) நடந்ததை இங்கே பலர் படித்திருப்பீர்கள். இரண்டாம் சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழித்துவிட்டார்கள். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பும் கைகொடுக்காமல் ஏறக்குறைய ஆறு மணி நேர டேட்டா போனது. அழித்தவர் அதற்கான உரிமை உள்ளவர்தான். அதனால் யாருக்கு உரிமை என்பதோடு நிறுத்தாமல், அது எந்நேரமும் கையில் இருக்க வேண்டுமா என்றும் பார்க்கச் சொல்வேன்.

நாங்கள் எல்லாருக்கும் படிக்க மட்டும் லாகின் கொடுத்தோம், அதுவும் டேட்டாபேஸின் நகலான ரெப்ளிகாவில். ஒரு வரி அப்டேட் என்றாலும் ஸ்கிரிப்டாக எழுதி இன்னொருவர் பார்த்த பிறகே ஓடும். முதலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். எந்த ரெக்கார்டை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'WHERE' விட்டுப்போன ஒரு அப்டேட்டைப் பக்கத்து சீட்காரர் பிடித்த அன்று முணுமுணுப்பு அடங்கியது.

ஒரு சந்தேகம்: ஆடிட் ஜர்னலில் விழுகிறது என்றீர்களே, அதை யார் படிக்கிறார்கள்? மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி 180 நாள் லாக் வைத்திருக்கிறோம். திறந்து பார்த்தவர் எவரும் இல்லை.

சென்னை, ஏஎஸ்400 சப்போர்ட்:

நல்ல கேள்வி தம்பி. எங்களிடமும் முதலில் அதே கதைதான். முழு ஜர்னலையும் யாரும் படிக்க மாட்டார்கள், படிக்கச் சொல்வதும் வீண். அவசர ஐடி திறந்த நேரத்துக் கட்டளைகளை மட்டும் பிரித்து, காலையில் கிளையன்ட் பக்கத்து அப்ளிகேஷன் ஓனருக்கு மெயிலில் போகும்படி செய்தோம். அந்த அம்மா டிக்கெட்டையும் கட்டளையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். டிக்கெட்டில் இல்லாத ஃபைலைத் தொட்டிருந்தால் பத்து மணிக்குள் போன் வரும். அந்த போனுக்குப் பயந்தே பையன்கள் டிக்கெட்டை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டார்கள்.